ஊத்துன தண்ணி எங்க போச்சு? சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு மோட்டார் ஒரு கோடையில் என்னை நான்கு நாள் ஆட்டிவைத்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும், மேல் டேங்கில் ஒரு சொட்டு விழாது. பம்பின் தலையில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்து, இரண்டு மக் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டுப் போட்டால் ஒழுங்காக ஏற்றும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை.

"மோட்டார் கெட்டுப்போச்சு" என்று சொல்லித்தான் மெக்கானிக்கை அழைத்தேன். அவரும் மோட்டாரைத்தான் பார்த்தார். கெப்பாசிட்டரை மாற்றினார், தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினார், ஏறியது. மறுநாள் ஏறவில்லை. அப்புறம் காயில்தான் போயிருக்கும் என்று நானே முடிவுகட்டி, புது மோட்டார் விலை விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். நான்காம் நாள் நான் மக்கோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாடிவீட்டுப் பாட்டி கேட்டார்: "தெனம் ஊத்துறியே, ஊத்துன தண்ணி எங்கப்பா போச்சு?"

முந்தின நாள் ஊற்றிய தண்ணீர் குழாயிலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது இறங்கிப் போக ஒரே இடம் சம்ப்தான். சம்புக்குள், குழாயின் அடியில், ஃபுட்வால்வு என்று ஒன்று இருக்கும். தண்ணீரை மேலே ஏறவிடும், கீழே திரும்ப விடாது. குழாயைத் தூக்கிப் பார்த்தால் அந்த வால்வின் வாயில் பட்டாணி அளவுக்கு ஒரு கல். ராத்திரி முழுக்க அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிந்துபோய், காலையில் மோட்டார் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ஃபுட்வால்வு என்ன வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கடையில் வாங்கிவந்து கொடுத்ததே நான்தான். தெரிந்த விஷயம் வேண்டிய நேரத்தில் ஏன் கைக்கு வரவில்லை என்பதுதான் உறுத்தியது. அந்த உறுத்தலில், சிக்கல்களை மனம் எப்படித் தீர்க்கிறது என்பது பற்றி உளவியலாளர்கள் செய்த பழைய சோதனைகளைத் தேடிப் படித்தேன். கணக்கில் முட்டிக்கொண்டு நிற்கும் மாணவர், புதிதாகப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்பவர், வீட்டில் ஏதோ ஒன்று ஓடாமல் விழிப்பவர் என்று யாருக்கும் உதவக்கூடிய விஷயங்கள் அவற்றில் இருக்கின்றன. நான் இப்போது பின்பற்றும் வரிசையில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே போனால் இந்தப் பகுதி பிடிபடாது.

மூன்று பாத்திரங்கள். எதிலும் அளவுக்கோடு கிடையாது. முழுதாக நிரப்பலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றலாம், வேண்டாததைக் கொட்டலாம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை. முதல் பாத்திரம் 21 அளவு பிடிக்கும், இரண்டாவது 127, மூன்றாவது 3. சரியாக 100 அளவு தண்ணீர் வேண்டும். எப்படி?

பெரியதை நிரப்பி, அதிலிருந்து முதல் பாத்திரம் நிறைய ஒரு தடவை, மூன்றாவது நிறைய இரண்டு தடவை எடுத்துவிட்டால் 100 மிஞ்சும். சரி, இதே போல இன்னும் மூன்று. பாத்திரங்கள் 14, 163, 25, வேண்டியது 99. அடுத்து 18, 43, 10; வேண்டியது 5. அடுத்து 9, 42, 6, வேண்டியது 21. போட்டு முடித்துவிட்டு இதைப் பாருங்கள்: 23, 49, 3, வேண்டியது 20.

49-லிருந்து 23, அப்புறம் 3, இன்னொரு 3 என்று கழித்திருந்தால் உங்களுக்கு நிறையத் துணை உண்டு. 23-ஐ நிரப்பி அதிலிருந்து ஒரே ஒரு 3-ஐ எடுத்தாலே 20 வந்துவிடுகிறது. ஆபிரஹாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் வெளியிட்ட சோதனை இது. முதல் கணக்குகளைப் போட்டுப் பழகியவர்களில் பெரும்பாலோர் நீண்ட வழியிலேயே போனார்கள். பழகாமல் நேரே கடைசிக் கணக்குக்கு வந்தவர்கள் குறுக்கு வழியைச் சுலபமாகப் பார்த்தார்கள். இன்னும் கொடுமை அடுத்த கணக்கில்: 28, 76, 3, வேண்டியது 25. இதற்குப் பழைய வழி சரிவராது, குறுக்கு வழி மட்டும்தான் உண்டு. பழகியவர்கள் பலர் இதில் அப்படியே நின்றுவிட்டார்கள். 28-லிருந்து 3-ஐக் கழிக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள்.

இதற்கு ஐன்ஸ்டெல்லுங் விளைவு என்ற ஜெர்மன் பெயர் நிலைத்துவிட்டது. 'மனம் ஒரு பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருப்பது' என்று வைத்துக்கொள்ளலாம். கற்றவர்களுக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர்களிடம் ஓர் ஆட்டநிலையைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் பழக்கமான ஒரு வழியில் ஐந்து நகர்வில் ஜெயிக்கலாம். அதிகம் அறியப்படாத வேறு வழியில் மூன்றே நகர்வு. பழக்கமான வழியைக் கண்டவர்கள், இதைவிடக் குறுகிய வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். கண்ணின் அசைவைப் பதிவுசெய்த கருவி வேறு சொன்னது. அவர்கள் பார்வை முதல் வழிக்குரிய கட்டங்களையே சுற்றிச்சுற்றி வந்தது. பொய் சொல்லவில்லை, தேடுவதாகத்தான் அவர்களும் மனதார நம்பினார்கள்.

ஆகவே "நல்லா யோசி" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதில் பெரிய பிரயோஜனம் கிடையாது. மனம் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்திருப்பது அதற்கே தெரிவதில்லை. கீழே உள்ள எல்லாமே அந்தப் பிடியைக் கண்ணில் படவைக்கும் வேலைகள்தான்.

படி 1: பார்த்ததை ஒரு பக்கம், முடிவை ஒரு பக்கம் எழுதுங்கள்

தாளின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். வலப்பக்கம் நீங்களாக நினைத்துக்கொண்டது.

'மோட்டார் கெட்டுப்போச்சு' என்பது வலப்பக்கத்துச் சமாசாரம். இடப்பக்கத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது இது: 'காலையில் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. மேலே ஊற்றினால் வருகிறது. அன்று சாயங்காலம் போட்டாலும் சில சமயம் வருகிறது. மறுநாள் காலை வருவதில்லை.' இதை முதல் நாளே எழுதியிருந்தால் பாட்டி கேட்ட கேள்வி எனக்கே வந்திருக்கும் என்று நம்புகிறேன். கெட்டுப்போன மோட்டார் காலை ஒரு மாதிரியும் மாலை ஒரு மாதிரியுமா நடந்துகொள்ளும்?

இடப்பக்கம் எழுதும்போது ஒரு விஷயத்தை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்: எப்போது சரியாக வேலை செய்கிறது? நாம் எல்லோரும் கோளாறு நடக்கும் நேரத்தையே உற்றுப் பார்க்கிறோம். சரியாக நடக்கும் நேரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்பதில்தான் பாதி விடை இருக்கும்.

மாணவர்களிடம் நான் அதிகம் கேட்கும் வாக்கியம், "எனக்கு டிரிக்னாமெட்ரி வராது." இதுவும் வலப்பக்கம்தான். 'மூன்றாவது வரியில் சைன் இருந்த இடத்தில் காஸ் எப்படி வந்தது என்று புரியவில்லை' என்பது இடப்பக்கம். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதுக்குப் பக்கத்துப் பெஞ்சுப் பையனே பதில் சொல்லிவிடுவான். புரோகிராம் எழுதுபவர்களுக்கும் இப்படித்தான். 'புரோகிராம் வேலை செய்யலை' என்பதைவிட 'பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருக்கும்போது மட்டும் நின்றுவிடுகிறது' என்று எழுதினால், எழுதி முடிக்கும் முன்பே பல சமயம் பிழை தெரிந்துவிடும்.

மனதிலேயே வைத்துக்கொள்ளலாமே, எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றலாம். மனதின் கைப்பிடி மிகச் சிறியது. ஒரே நேரத்தில் சுமார் நான்கு விஷயங்களைத்தான் அது ஏந்திக்கொண்டு வேலை செய்யும் என்பது நெல்சன் கோவன் 2001-இல் முன்வைத்த, இன்று பரவலாக ஏற்கப்படும் கணிப்பு. ஐந்தாவதை எடுக்கும்போது முதலாவது நழுவும். தாள் நழுவவிடாது.

படி 2: எது தடுக்கிறது என்று பெயர் சொல்லுங்கள்

எல்லா முட்டுக்கட்டைக்கும் ஒரே மருந்து கிடையாது. முதலில் பார்க்க வேண்டியது மிகச் சாதாரணமானது: இதற்கு வேண்டிய அறிவு என்னிடம் இருக்கிறதா? கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ஏதாவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லத் தடுமாறினால், அங்கேயே நிறுத்தி அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். லாகரிதம் என்றால் என்னவென்று தெரியாதவர் எத்தனை கோணத்தில் யோசித்தாலும் லாகரிதக் கணக்கு வராது. யோசிப்பது பற்றி எழுதுபவர்கள் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

அறிவு இருந்தும் வரவில்லை என்றால், நான் முன்பு சொன்னபடி மனம் பழகிய வழியையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது யாருமே போடாத ஒரு விதியை நாமே போட்டுக்கொண்டிருக்கலாம். மூன்று வரிசையில் மூன்று மூன்றாக ஒன்பது புள்ளிகள் வைத்து, பேனாவை எடுக்காமல் நான்கே நேர்கோடுகளில் எல்லாவற்றையும் இணைக்கும் புதிரைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். கோடு புள்ளிகளின் எல்லையைத் தாண்டி நீண்டால்தான் முடியும். "கட்டத்துக்கு வெளியே சிந்தியுங்கள்" என்று மேடையில் பேசுபவர்களுக்கு இந்தப் புதிர் ரொம்பப் பிடிக்கும். ஆனால் 1981-இல் வெய்ஸ்பெர்க், ஆல்பா என்ற இருவர் அதையே சோதித்தார்கள். கோடுகளை வெளியே இழுக்கலாம் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அப்படியும் பெரும்பாலோருக்கு விடை வரவில்லை. வெளியே போகலாம் என்று தெரிந்தால் போதாது; எங்கே போவது, எந்தக் கோணத்தில் திரும்புவது என்ற பழக்கமும் வேண்டியிருக்கிறது. அந்த மேடைப் பேச்சைக் கேட்டும் ஒன்றும் நடக்கவில்லையே என்று நீங்கள் வருந்தியிருந்தால், தப்பு உங்களுடையது இல்லை.

நாமே போட்டுக்கொண்ட விதியைக் கண்டுபிடிக்க எளிய வழி: வலப்பக்கத்தில் எழுதியவை ஒவ்வொன்றுக்கும் எதிரே 'யார் சொன்னது?' என்று எழுதுங்கள். கேள்வியிலேயே இருக்கிறதா, ஆசிரியர் சொன்னாரா, நானாக நினைத்தேனா? 'நானாக' என்று வரும் இடத்தையெல்லாம் வட்டம் போடுங்கள்.

இன்னும் இரண்டு வகை உண்டு. ஒரு பொருளைப் பார்த்தவுடன் அதன் வழக்கமான வேலை மட்டும் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. பயம் மற்றொன்று. இரண்டுக்கும் தனியாகவே சொல்ல வேண்டும்.

படி 3: பெயரை உரித்துப் பாருங்கள்

கார்ல் டுன்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1935-இல் எழுதியவற்றில் மெழுகுவத்திச் சோதனை புகழ்பெற்றது. அதன் இன்றைய வடிவம் இது. ஒரு மெழுகுவத்தி, பெட்டி நிறைய டிராயிங் பின், தீக்குச்சிகள். மெழுகுவத்தியைச் சுவரில் எரியும்படி பொருத்த வேண்டும். டிராயிங் பின்னைக் கொண்டு மெழுகுவத்தியைக் குத்திப் பார்ப்பார்கள், உருக்கி ஒட்டப் பார்ப்பார்கள், நிற்காது. பின்களைக் கொட்டிவிட்டுப் பெட்டியைச் சுவரில் குத்தினால் அதுவே சின்ன மாடம். பின்களைப் பெட்டிக்கு வெளியே வைத்துக் கொடுத்தால் பலருக்கும் உடனே வந்துவிடுகிறது. உள்ளே வைத்துக் கொடுத்தால் வருவதில்லை. உள்ளே இருக்கும்போது அது பெட்டி இல்லை, 'பின் வைக்கிற சாமான்'.

ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு இந்தத் தொந்தரவு இல்லை என்று 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆறேழு வயதில்தான் பெட்டி என்றால் எதையாவது போட்டு வைக்க என்பது மனதில் உறைந்துபோகிறது. டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் ஏறி அலமாரிக்குக் கைநீட்டும் குழந்தையைத் திட்டும்போது இது எனக்கு நினைவுக்கு வரும். திட்டத்தான் செய்கிறேன், விழுந்துவிடுமே.

பெரியவர்களுக்கு டோனி மெக்காஃப்ரி என்பவர் 2012-இல் ஒரு பயிற்சி சொன்னார். எனக்குத் தெரிந்ததில் கையில் எடுத்து உடனே செய்யக்கூடியது இதுதான். ஒவ்வொரு பொருளையும் அதன் பாகங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரிலும் அதன் வேலை ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலையைச் சொல்லாத வேறு பெயர் வையுங்கள். அவர் கொடுத்த புதிர்களில் ஒன்று: கனமான இரண்டு இரும்பு வளையங்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும், கையில் ஒரு மெழுகுவத்தி, ஒரு தீக்குச்சி, ஓர் இரும்புக் கட்டை. மெழுகை உருக்கி ஒட்டினால் வளையத்தின் கனம் தாங்காது. மெழுகுவத்தியைப் பிரித்தால் மெழுகு, திரி. 'திரி' என்றவுடன் எரிவதுதான் ஞாபகம் வரும். திரியின் பெயரை உரித்தால் நூல். நூல் என்றால் கட்டலாமே! இரும்புக் கட்டையின் விளிம்பில் மெழுகைச் சுரண்டி நூலை எடுத்துக் கட்ட வேண்டியதுதான். இந்தப் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட இத்தகைய புதிர்களை அதிகமாக விடுவித்தார்கள்.

பொருளே இல்லாத சிக்கலிலும் இது நடக்கும். 'ஹோம்வொர்க் நேரம்' என்பதை உரித்தால் 'சாயங்காலம் 45 நிமிடம் நாற்காலியில்'. அந்த 45 நிமிடத்தைக் காலையில் வைக்கக் கூடாதா என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

படி 4: உங்கள் யோசனையை நீங்களே உடைக்கப் பாருங்கள்

இதுதான் காரணம் என்று ஒன்று தோன்றியதும் மனம் அதற்குச் சாட்சி தேடக் கிளம்பிவிடும். பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட சோதனையை வீட்டில் யாரிடமாவது செய்து பாருங்கள். 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, "இது ஒரு விதிப்படி இருக்கிறது. நீ வேறு மூன்று எண்கள் சொல், விதிக்குப் பொருந்துகிறதா என்று சொல்கிறேன். விதி என்னவென்று கண்டுபிடி" என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் 8, 10, 12 என்பார். சரி என்பீர்கள். 20, 22, 24 என்பார். அதுவும் சரி. உடனே "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்று தீர்ப்பு சொல்வார். தப்பு. விதி, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். 1, 7, 300 என்று ஒருமுறை சொல்லியிருந்தால் அவருடைய விதி அங்கேயே உடைந்திருக்கும். தன் ஊகத்துக்குப் பொருந்தாத எண்களைச் சொல்லிப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

ஆகவே ஒரு யோசனை வந்ததும் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது: இது பொய்யாக இருந்தால் நான் என்ன பார்ப்பேன்? என் விஷயத்தில் சோதனை சுலபம். தண்ணீர் ஊற்றி ஓட்டு, நிறுத்து, உடனே மறுபடி ஓட்டு. அப்புறம் நிறுத்திவிட்டுச் சில மணி நேரம் கழித்து ஓட்டு. மோட்டாரில்தான் கோளாறு என்றால் இடைவெளி எவ்வளவு என்பது ஒரு பொருட்டாக இருக்கக் கூடாது. ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. நான் செய்தது கெப்பாசிட்டர் வாங்கியது.

இதோடு ஒட்டிய இன்னொன்று. எதையாவது சரிசெய்ய வேண்டும் என்றால் நமக்குச் சேர்க்கத்தான் தோன்றும், எடுக்கத் தோன்றாது. 2021-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில் லெகோ கட்டைகளாலான ஒரு கூரையை ஆடாமல் செய்யச் சொன்னார்கள். ஒரு மூலையில் ஒரே ஒரு கட்டையின்மேல் அது நின்றுகொண்டிருந்தது. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் காசு பிடித்தம். அந்த ஒரு கட்டையை எடுத்துவிட்டால் கூரை கீழே நன்றாக உட்கார்ந்துவிடும், செலவே இல்லை. பலரும் காசு கொடுத்துக் கட்டை சேர்த்தார்கள். எடுப்பது இலவசம் என்று வாய்விட்டு நினைவூட்டிய பிறகுதான் எடுத்தவர்கள் கூடினார்கள். படிக்கும் அட்டவணை நடக்கவில்லை என்றால் இன்னொரு டியூஷன் சேர்க்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லலாம். எதை எடுத்தால் சரியாகும் என்று ஒரு வரி தனியாக எழுதிவையுங்கள், அது தானாக மனதில் வராது.

படி 5: பயத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்களா?

அதே மெழுகுவத்திப் புதிரை சாம் கிளக்ஸ்பெர்க் 1962-இல் வேறு விதமாகக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு வேகமாக முடித்தால் பணம் என்று சொன்னார், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. பின்கள் பெட்டிக்கு வெளியே இருந்தபோது பணத்துக்காகச் செய்தவர்கள் வேகமாக முடித்தார்கள். பின்கள் பெட்டிக்குள் இருந்தபோது பணத்துக்காகச் செய்தவர்களுக்கே அதிக நேரம் ஆனது. வழி தெரிந்த வேலையை அவசரம் வேகமாக்கும். வழி புலப்படாத வேலையில் அது பார்வையைக் குறுக்கிவிடும். பிள்ளை ஒரு கணக்கில் முட்டி நிற்கும்போது தலைக்குமேல் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்பதால் என்ன ஆகும் என்று பெற்றோர் யோசித்துக்கொள்ளலாம்.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தையெல்லாம் எழுதித் தள்ளினால் மதிப்பெண் கூடும் என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. பின்னாளில் வேறு குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. நானும் எழுதுகிறேன், மனம் கொஞ்சம் இலகுவாகிறது. ஆனால் மந்திரம் மாதிரி நம்ப வேண்டாம்.

எனக்கு உதவுவது வேறு: சிக்கலைச் சின்னதாக்கிக்கொள்வது. எண்கள் பெரியதாக இருந்தால் சிறிய எண்களைப் போட்டுப் பார்ப்பது. நூறு பேருக்கான பந்தி ஏற்பாடு மலைப்பாக இருந்தால் பத்துப் பேருக்கு எழுதிப் பார்ப்பது. கணிதமேதை ஜார்ஜ் போல்யாவும் இதைத்தான் வலியுறுத்தினார்: இந்தக் கணக்கு முடியவில்லையா, இதைப் போன்ற எளிய கணக்கு ஒன்றை முதலில் போடு.

படி 6: எழுந்து போங்கள், ஆனால் சும்மா போகாதீர்கள்

விட்டுவிட்டுப் போய்க் குளிக்கும்போது விடை வருவது எல்லோருக்கும் நடந்திருக்கும். கிரகாம் வாலஸ் 1926-இலேயே இதை ஒரு கட்டமாகப் பிரித்து, அடைகாத்தல் என்ற பொருளில் பெயர் வைத்தார். 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இடைவெளி விடுவது உதவுகிறது என்றே தெரிந்தது. கோழி மட்டும் இருந்து முட்டை இல்லாவிட்டால் என்ன அடைகாக்கும்? நன்றாக முட்டிமோதிப் பார்த்த பிறகுதான் எழுந்துபோக வேண்டும். எழும் முன் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: இதுவரை என்னென்ன செய்தேன், எந்த இடத்தில் நிற்கிறேன். போய்ச் செய்யும் வேலை துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, நடப்பது என்று கைக்கு வேலையும் மனதுக்கு ஓய்வும் தருவதாக இருக்கட்டும். போனை எடுத்துவிட்டால் மனம் வேறு ஊருக்குப் போய்விடும்.

எப்போது எழுவது? ஒரே யோசனை மூன்றாவது முறை திரும்பி வரும்போது. 'கிட்ட வந்துட்டேன், இன்னும் கொஞ்சம்' என்ற உணர்வை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். 1987-இல் மெட்காஃப், வீப் என்ற இருவர், புதிர் போட்டுக்கொண்டிருப்பவர்களிடம் விடையை எவ்வளவு நெருங்கிவிட்டீர்கள் என்று சில வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இயற்கணிதம் போன்ற கணக்குகளில் நெருக்கம் படிப்படியாக ஏறியது. திடீரென்று பொறி தட்ட வேண்டிய புதிர்களில் அந்த உணர்வு ஏறாமலே கிடந்து, விடை வந்த கணத்தில்தான் எகிறியது. அந்த வகைப் புதிரில் மணிக்கணக்காக ஒன்றும் நகராதது போலத் தோன்றுவது இயல்பு.

படி 7: இன்னொருவரிடம் சொல்லுங்கள்

சொல்லும்போது இடப்பக்கத்தை மட்டும் சொல்லுங்கள். நான் மெக்கானிக்கிடம் வலப்பக்கத்தைச் சொன்னேன். அவர் மனதையும் என் பக்கமே திருப்பி வைத்துவிட்டேன். பாட்டிக்கு நான் எதுவுமே சொல்லவில்லை, அவர் பார்த்ததை வைத்துக் கேட்டார். துறை தெரிந்தவரைவிடத் தெரியாதவர் சில நேரம் உதவுவது இதனால்தான். யாரும் இல்லையென்றால் சுவரிடம் சொன்னாலும் சரி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் தாண்டிப் போகிற இடங்களை வாய் தாண்டவிடாது.

படி 8: முடிந்ததும் நோட்டில் எழுதுங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். தீர்ந்ததே பெரிது என்று எழுந்து ஓடிவிடுகிறோம்.

1980-இல் கிக், ஹோலியோக் என்ற இருவர் ஒரு கதை கொடுத்தார்கள். கோட்டைக்குப் போகும் எல்லாச் சாலைகளிலும் கண்ணிவெடி. பெரும்படை போனால் வெடிக்கும். தளபதி படையைச் சிறு குழுக்களாகப் பிரித்து எல்லாச் சாலைகள் வழியாகவும் ஒரே நேரத்தில் அனுப்பிக் கோட்டையைப் பிடிக்கிறார். அப்புறம் டுன்கரின் இன்னொரு புதிர்: வயிற்றில் ஒரு கட்டி. அதை அழிக்கும் வலிமையுள்ள கதிர், வழியில் இருக்கும் நல்ல தசையையும் அழித்துவிடும். என்ன செய்வது? வலிமை குறைந்த பல கதிர்களைப் பல பக்கமிருந்து கட்டியில் குவிக்க வேண்டும். கதையைச் சற்று முன்புதான் படித்தவர்களிலும் பலருக்கு அது தோன்றவில்லை. "அந்தக் கதை உதவும்" என்று சொன்னவுடன் பெரும்பாலோருக்கு வந்துவிட்டது.

ஒரு விடை இன்னொரு சிக்கலுக்குத் தானாக நடந்து வராது, நாம்தான் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். அதனால் நோட்டில் எழுதும்போது சாமான்களின் பெயரை உரித்துவிட்டு எழுதுங்கள். 'ஃபுட்வால்வில் கல்' என்று எழுதினால் அது ஃபுட்வால்வுக்கு மட்டும்தான் உதவும். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது: 'நிரப்பினால் சரியாகிறது, விடிந்தால் மறுபடி காலி. நிரப்புகிற இடத்தைப் பார்க்காதே. ராத்திரி எங்கே வடிகிறது என்று பார்.'

அடுத்த வருடம் ஸ்கூட்டர் காலையில் செல்ஃப் எடுக்க மறுத்தது. சார்ஜ் போட்டால் ஒரு நாள் ஓடும், மறுநாள் செத்துக்கிடக்கும். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். நோட்டைப் புரட்டினேன். அன்று ராத்திரி கீழே இறங்கிப் போய், இருட்டில் சீட்டைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தேன். சீட்டுக்கடியில் சாமான் வைக்கும் இடத்தில் இருக்கும் சின்ன விளக்கு, மூடியபோதும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.